அஞ்சாம் நம்பரின் கடைசி வார்த்தை

ஒரு இங்கிலீஷ் பாடகன் ஒரு பாட்டின் கடைசியில் 'வாரேன்' என்று சொன்னானா இல்லையா என்று எனக்கும் ஒரு மினி பஸ் டிரைவருக்கும் இருபது வருடம் சண்டை நடந்தது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்த நாளை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. வீடு அருப்புக்கோட்டையில், வேலை பார்த்த பள்ளிக்கூடம் திருச்சுழிப் பக்கம். நேர் ரோட்டில் போகிற பெரிய பஸ் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடும். மினி பஸ் அப்படியில்லை. ஊர் ஊராக உள்ளே நுழைந்து, காய்ந்த கண்மாய்க் கரையைச் சுற்றி, கரிமூட்டப் புகைக்குள் புகுந்து வெளியே வந்து, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்படியும் நான் வருடக்கணக்கில் அதில் ஏறியதற்கு முதல் நாள் அதில் கேட்ட ஒரு குரல்தான் காரணம்.

அன்றைக்குப் பெரிய பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எரிச்சலோடு மினி பஸ்ஸில் ஏறினேன். எல்லா பஸ்ஸிலும் சினிமாப் பாட்டு ஓடும். இதில் ஒரு வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் மூன்று வருடம் நான் விடாமல் கேட்ட குரல் அது. நாலு பேர் சேர்ந்து எட்டு ஆல்பம் போட்டுவிட்டு, அடித்துக்கொண்டு பிரிந்துபோன பழைய ராக் பேண்டு. பேரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லவில்லை. மல்லித்தழைக் கட்டுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முண்டியடித்து முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"இது இவங்களோட எத்தனாவது ஆல்பம்? நான் கேட்டதே இல்லையே" என்றேன்.

டிரைவர் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும்.

"அஞ்சாவதா இருக்கும் சார். கேசட்டுல அஞ்சுன்னு போட்டிருக்கு. இவுக யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேண்டின் பேரைச் சொன்னேன். அவன் அதை மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அத்தனை வருடமாகப் பேர் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"எங்கண்ணன் பெங்களூர்ல இருந்து அனுப்புனது சார். பேரு எதுவும் எழுதல" என்றான்.

அண்ணனைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை.

என்னிடம் அந்த ஐந்தாவதைத் தவிர மற்ற ஏழும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் பஸ்ஸில் போட்டோம். ஆல்பங்களின் இங்கிலீஷ் பேர் அவன் வாயில் நுழையவில்லை. அதனால் எல்லாவற்றையும் நம்பர் சொல்லியே கூப்பிட்டோம். எனக்கு மூணாம் நம்பர்தான் உசத்தி. அதில் டிரம் அடிக்கிறவன் ஏழு ஏழாக எண்ணி அடித்துக்கொண்டே போவான், ஒரு இடத்தில்கூடப் பிசகாது. என்ஜின் பெட்டியைத் தட்டித் தட்டி எண்ணிக் காட்டுவேன். டிரைவருக்கு அஞ்சாம் நம்பர். அதற்கு மேல் உலகத்தில் ஒன்று கிடையாது என்று ஒற்றைக்காலில் நிற்பான்.

எங்களுக்கு நடுவில் ஒரு நாட்டாமை உண்டு. காரியாபட்டி ரோட்டில் மைக்செட் கடை வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். எங்களைவிடப் பெரியவர் என்பதால் மைக்செட் அண்ணன் என்போம். வாரத்தில் இரண்டொரு நாள் விசேஷ வீடுகளுக்கு மைக் கட்ட எங்கள் பஸ்ஸில் வருவார். அவருக்கு ரெண்டாம் நம்பர்தான் பிடிக்கும், கிதாருக்காக. எங்கள் இரண்டு பேரையும் சரிசமமாக முட்டாள் என்று திட்டிவிட்டு இறங்கிப் போவார்.

பஸ்ஸில் வருகிறவர்கள் பாவம். காய்கறிக்கூடையோடு வருகிற ஒரு அம்மா, "ஏப்பா டிரைவரு, அந்தாளுக்கு வயித்து வலியா? ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டு, பஸ் முழுக்கச் சிரித்த பிறகும் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்கும். கண்டக்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தான். முதலாளியிடம் புகார் போயிற்று. டிரைவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் என்னைச் சாதாரணமாக 'வாத்தியாரே' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். 'நீங்க' 'வாங்க' எல்லாம் இருக்கும். வாதம் முற்றினால் அது 'ஏலே வாத்தி' ஆகிவிடும். "ஏலே வாத்தி, உனக்குப் பாட்டு கேக்கத் தெரியாதுலே, எண்ணத்தான் தெரியும்" என்பான். வகுப்பில் என்னைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகள் பின் சீட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அந்த 'ஏலே' வருகிற வரைக்கும் வாதம் சூடு பிடித்ததாகவே தோன்றாது. அதை வரவழைக்க வேண்டும் என்றே சீண்டுவேன். என்னை அப்படிக் கூப்பிட வேறு ஆள் யாரும் இல்லை.

அஞ்சாம் நம்பரில் அவன் உயிரை வைத்திருந்தது பி பக்கத்தின் கடைசிப் பாட்டில். மெதுவான பாட்டு. பெரும்பாலும் ஒரே ஒரு கிதார். பாடகன் அதில் கத்தவே மாட்டான், எதிரில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரிப் பாடுவான். கடைசியில் ஒரு வார்த்தையை இழுப்பான். 'வாரே...ன்' என்று கேட்கும். அதோடு பாட்டு நின்றுவிடும். தேய்ந்து அடங்குவதெல்லாம் கிடையாது, சட்டென்று நிற்கும்.

"பாத்தீகளா? சொல்லிட்டுப் போறான்" என்பான் டிரைவர். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் பிரேக்கில் லேசாகக் கால் வைப்பான்.

"அவன் இங்கிலீஷ்காரன்யா. அவன் எப்படி வாரேம்பான்?"

"என்னமோ இங்கிலீஷ்ல சொல்லியிருப்பான். கேக்குறது அப்படித்தான கேக்குது?"

"கேட்டாலும் அது மூணு சுழி ண். வாரேண். நீ சொல்ற வாரேனுக்கு ரெண்டு சுழி."

"ஏலே வாத்தி, வெள்ளைக்காரனுக்கு ரெண்டு சுழி மூணு சுழியெல்லாம் எவன்லே சொல்லிக் குடுத்தான்?"

இந்த ரெண்டு சுழி மூணு சுழிச் சண்டை மட்டும் எத்தனையோ மாதம் நடந்தது. நான் விடவில்லை. சுழியில் தோற்றதும் வேறு பக்கத்தில் போய்ப் பிடித்தேன். இது முடிக்கத் தெரியாதவன் போட்ட பாட்டு என்றேன். ஆரம்பித்தால் ஒழுங்காகக் கொண்டுபோய் முடிக்க வேண்டும், பாதியில் அறுத்துவிட்டுப் போவதற்குப் பேர் பாட்டா என்றேன். கணக்கில் கடைசி வரியில் விடை எழுதாத பையனுக்கு நான் மார்க் போடுவதில்லை, இவனுக்கும் கிடையாது என்றேன்.

"வாரேன்னு சொன்னதுக்கு அப்புறம் நின்னு பேசிக்கிட்டிருந்தா அது என்ன கிளம்புறது? சொன்னா நடந்துறணும். அதுதான் வாத்தியாரே அழகு" என்பான் அவன்.

எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் வசவுதான் கிடைக்கும். அவன் வீட்டில் பேசுவது கன்னடம், அதிலும் வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். சாயங்காலம் நான் அருப்புக்கோட்டையில் இறங்கும்போது டிரைவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து, அந்தப் பாடகன் மாதிரியே இழுத்து, "வாரே...ன்" என்று சொல்லிச் சட்டென்று வாயை மூடிக்கொள்வான். இறங்குகிறவன் நான், சொல்கிறவன் அவன். நான் தலையில் அடித்துக்கொண்டு இறங்குவேன்.

கேசட் காலம் போய் எல்லாரும் பென் டிரைவுக்கு மாறினார்கள். பஸ்ஸில் அதற்கான செட்டை முதலாளி மாட்டியபோதுகூட, பழைய கேசட் பிளேயரைக் கழற்றவிடாமல் டிரைவர் வைத்துக்கொண்டான். மைக்செட் அண்ணன்தான் அதற்கு அவ்வப்போது பெல்ட் மாற்றிக் கொடுப்பார்.

என் சர்வீஸ் முடிய ஒரு வருடம் இருந்தபோது என் மகள் என் போனில் பாட்டு கேட்கிற ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் அதில் இருக்கிறது என்றாள். நான் முதலில் தேடியது அஞ்சாம் நம்பரைத்தான். அந்தக் கடைசிப் பாட்டைத் தொட்டேன். போனில் ஆறு நிமிடத்துக்கு மேல் காட்டியது. எங்கள் கேசட்டில் அது நாலு நிமிடம்தான்.

முழுதாகக் கேட்டேன். பாடகன் அந்த இடத்துக்கு வந்தான். 'வார் அண்ட்' என்று இழுத்தான். நிற்கவில்லை. போர் வேண்டாம், அது வேண்டாம், இது வேண்டாம் என்று வேண்டாததை எல்லாம் அடுக்கிக்கொண்டே போனான். டிரம் சேர்ந்தது. நாலு பேரும் சேர்ந்து லாலாலா பாடினார்கள். கைதட்டலோடு, வெகு சாதாரணமாகப் பாட்டு முடிந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டிரைவரிடம் இருந்தது அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். பாட்டு முடிவதற்குள் டேப் சுற்றி முடிந்துவிட்டது. முடிகிற நேரத்தில் டேப் இறுகி இழுக்கும், அதில் 'வார் அண்ட்' என்பது 'வாரேண்' ஆகியிருக்கிறது. நான் வீட்டில் தனியாகச் சிரித்தேன். மறுநாள் காலை எப்போது வரும் என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். இருபது வருடமாக ஒருவன் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தக் கிடைத்தால் எந்த வாத்தியார் சும்மா இருப்பான்?

மறுநாள் பஸ்ஸில் மைக்செட் அண்ணனும் இருந்தார். அவரிடம் கையடக்கமான ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் என் போனைச் சேர்க்கச் சொன்னேன். பஸ் நிறையக் கூட்டம். "எல்லாரும் கேளுங்க, இன்னைக்கு ஒரு தீர்ப்பு இருக்கு" என்று சொன்னேன். அந்த அளவுக்குக் கொழுப்பு எனக்கு.

பாட்டு ஓடியது. "நல்லாத் தெளிவா இருக்கே வாத்தியாரே" என்றான் டிரைவர், சந்தோஷமாக. அந்த இடம் வந்தது. அவன் கால் பிரேக்குக்குப் போனது. உதடு 'வா' என்று குவிந்தது. பாட்டு நிற்கவில்லை. அவன் உதடு அப்படியே இருந்தது. லாலாலா ஆரம்பித்தது. காய்கறிக்கூடை அம்மா, "இது நல்லாருக்கே, இதையே போட்டிருக்கலாம்ல இத்தன வருசமா" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப அவன் வாரேன்னு சொல்லல?" என்றான் டிரைவர்.

"சொல்லவே இல்லையே! உன்னுது அறுபது நிமிஷக் கேசட்டு, பாட்டு முடியுறதுக்குள்ள டேப்பு சுத்தி முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான். முடிஞ்சுபோன டேப்பப் போட்டுக்கிட்டு இருபது வருஷமா ஆகா ஓகோன்னு இருந்திருக்க."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டான். "அப்ப யாரும் வேணும்னே அந்த எடத்துல நிப்பாட்டலையா?"

பாடகனைக் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். "யாரு நிப்பாட்டுவா? அதுவா நின்னுருக்கு" என்றேன்.

நான் அவன் சமாளிப்பான் என்று எதிர்பார்த்தேன். திட்டுவான், போனில் வந்தது போலி என்பான், 'ஏலே' என்று ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் திரும்பும்போதும் பாட்டே போடாமல் ஓட்டினான். அருப்புக்கோட்டையில் நான் இறங்கும்போது என்னைப் பார்த்து, "சரி சார், போறேன்" என்றான்.

வாத்தியாரே இல்லை, சார். வாரேன் இல்லை, போறேன். விளையாட்டுக்குக் கோபப்படுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் சினிமாப் பாட்டு ஓடியது. கேசட் பிளேயர் இருந்த இடத்தில் சந்தனம் பூசிய ஒரு சாமி படம் இருந்தது. கண்டக்டருக்குச் சந்தோஷம். நான் என்ஜின் பெட்டியில் உட்கார்ந்து மூணாம் நம்பரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். "ஆமா சார்" என்றான். "மூணுதான் நல்லாருக்கு சார்" என்றான். நான் என்ன சொன்னாலும் ஒத்துக்கொண்டான்.

மைக்செட் அண்ணன் என்னைத் தனியாகப் பிடித்தார். "ஏன் வாத்தியாரே, முடிக்கத் தெரியாத பாட்டுன்னுதான இத்தன நாளாக் குறை சொன்னீக? இப்பத்தான் அது முழுசா முடியுதுன்னு தெரிஞ்சுபோச்சே. நியாயமாப் பாத்தா அஞ்சாம் நம்பருக்கு நீங்க மார்க்கு கூட்டிப் போடணும்ல?"

அவர் சொன்னது சரி. எனக்கு வாதம் கூட முக்கியமாக இருக்கவில்லை, அவன் தோற்க வேண்டும் என்பதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. இதைப் போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு முறுக்கா என்று பதிலுக்கு நானும் முறுக்கிக்கொண்டேன். இரண்டு மாதம் பொறுத்துவிட்டுப் பெரிய பஸ்ஸுக்கு மாறினேன். பிறகு ஓய்வும் வந்துவிட்டது. பஸ் ஏறுகிற வேலையே இல்லை என்று ஆனபின் அவனைப் பார்க்காமல் இருப்பது சுலபமாகிவிட்டது.

அவனுக்குக் கிட்னி போய்விட்டது என்று மைக்செட் அண்ணன்தான் ஒருநாள் கடைவீதியில் நிறுத்திச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் விருதுநகருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு வருகிறானாம். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டானாம். "போய்ப் பாருங்க வாத்தியாரே" என்றார். நான் போவதற்குள் ஒரு மாதம் ஆயிற்று. வழி தெரியாமல் இல்லை, அருப்புக்கோட்டைக்குள் என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம்தான். போய் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அந்த ஒரு மாதம் போனது. கடைசியில் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் வீங்கியிருந்தது. ஊசி குத்துகிற கையை மடிமேல் தனியாக வைத்திருந்தான். அவன் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்தாள். அவனுக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுக்க வேண்டுமாம். நான் குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"வாங்க சார்" என்றான். ஊர் விஷயம் பேசினோம். பிறகு நான் பொய்யை எடுத்தேன்.

"அந்தப் பாட்ட நான் திரும்ப விசாரிச்சேன். போன்ல வர்றது பின்னால போட்டதாம். முதல்ல வந்ததுல அந்த எடத்துலயே நிக்குமாம். உன் கேசட்டுல இருக்கதுதான் ஒரிஜினல். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாய் கோணியது. சிரிக்கிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"ஏலே வாத்தி" என்றான். "உனக்குப் பொய் வராதுலே. அறுபது நிமிசக் கேசட்டுன்னு கணக்குப் போட்டுச் சொன்னவன் நீ. அந்தக் கணக்கு இப்ப எங்கலே போச்சு?"

கையும் களவுமாகப் பிடிபட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. "ஏலே, நீ எப்பலே கணக்குப் படிச்ச?" என்று நானும் சீண்டினேன். சண்டை பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அவன் மூச்சு வாங்கினான். சிரிப்பு போய்விட்டது.

"விடுங்க சார். நீங்க சொன்னது சரிதான். எதுக்கு மாத்திப் பேசுறீக" என்றான்.

எழுந்தேன். "வாரேன்" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். அவன் சொல்வான் என்று நின்றேன். "சரி சார்" என்றான்.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த ஞாயிறு மகள் வந்திருந்தாள். அதற்கடுத்த ஞாயிறு மழை. பிறகு காரணமே தேவைப்படவில்லை. ஏழு வாரம் கழித்து மைக்செட் அண்ணன் போன் பண்ணி, "முடிஞ்சுபோச்சு வாத்தியாரே" என்றார்.

அன்றைக்குச் சுடுகாடு வரைக்கும் போனேன். பேசாமல் போய்ப் பேசாமல் வந்தேன். காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் துக்கம் விசாரிக்க அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் அவன் படம், மாலை, விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் அந்தக் கேசட் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் போட்ட '5' மங்கிப்போயிருந்தது. அதைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் மனைவி எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் துணைக்கு இருந்தார்.

"அண்ணே, இவுக அண்ணன் வீட்டை விட்டுப் போனது உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியாதும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லலையா? தினமும் பேசுனீகளே."

ஆமாம், தினமும் பேசினோம். டிரம்மில் எத்தனை அடி என்று பேசினோம்.

"இவுக அப்பப் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தாக. அண்ணனுக்கும் எங்க மாமனாருக்கும் சண்டை. ஒருநாள் விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா அண்ணன் இல்ல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிக்கிடலையாம். இவுக ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்கிறவுக, இவுககிட்டகூடச் சொல்லல. ஆறேழு மாசங்கழிச்சு பெங்களூர்ல இருந்து அந்தக் கேசட்டு பார்சல்ல வந்துச்சு. லெட்டர் கிடையாது. அட்ரஸ் கிடையாது. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல, இன்னை வரைக்கும் இல்ல."

அவள் கேசட்டைப் பார்த்தாள்.

"பாட்டு முடியுற எடத்துல வாரேன்னு கேக்கும்ல? அண்ணந்தான் வேணும்னே சரியா அந்த எடத்துல நிப்பாட்டி அனுப்பியிருக்குன்னு இவுக சொல்லுவாக. சொல்லாமப் போனதுக்கு இப்படிச் சொல்லி அனுப்பியிருக்காம். நம்மளும் சரின்னு கேட்டுக்கிடுறது. அண்ணன் வந்துரும், வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாக."

யாரும் வேண்டுமென்றே நிறுத்தவில்லையா என்று அவன் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அதுவா நின்றிருக்கிறது என்று பஸ் நிறைய ஆள் கேட்கச் சொன்னேன். அவனுடைய அண்ணனை நான்தான் அன்றைக்கு இல்லாமல் பண்ணியிருக்கிறேன்.

"கடைசியா ஒரு தடவை கேட்டாக" என்றாள் அவள். "மைக்செட்டு அண்ணனைக் கூப்பிட்டு விட்டாக. அவரு கடையில இருந்து பழைய செட்டு ஒண்ணு கொண்டாந்து போட்டாரு. கண்ண மூடிக் கடைசி வரைக்கும் கேட்டாக. டேப்பு நின்னதும் என்னயப் பாத்து, 'சார் சொன்னதுதான் சரி. சுத்தி முடிஞ்சுபோச்சு'ன்னாக. அதுக்கு அப்புறம் அதைப் பத்திப் பேசல."

நான் சொன்னது சரிதான். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கம் அரை மணி நேரம், பாட்டு ஆறு நிமிடம். யார் கணக்குப் போட்டாலும் அந்த விடைதான் வரும். அந்த விடையை அவனுக்குச் சொல்லாமல் நான் செத்திருக்கலாம். அவ்வளவுதான் எனக்கு அந்த நேரம் தோன்றியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, அழவிட்டாள்.

கிளம்ப வேண்டியிருந்தது. துக்கம் கேட்க வந்த வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். எனக்கும் அது தெரியும். இந்த அறுபது வயதுக்குள் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன்.

வாசல் நிலைவரைக்கும் போய்விட்டேன். கால் அதைத் தாண்டவில்லை. அந்த வீட்டில் இருந்து ஒருத்தர் சொல்லிக்கொள்ளாமல் போனது போதாதா என்று இருந்தது. திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"ஏலே, வாரேன்" என்றேன். இழுக்கவில்லை. பாட்டு மாதிரியும் சொல்லவில்லை. ரெண்டு சுழியில் சொன்னேன்.

உள்ளே இருந்த பெரியம்மா பதறி எழுந்து வந்தார். "என்ன தம்பி, படிச்சவரு நீங்க, இந்த வீட்ல அப்படிச் சொல்லலாமா?" என்று கையைப் பிசைந்தார்.

அவன் மனைவி அவரைப் பார்க்கவில்லை. கேசட்டை நகர்த்தி வைத்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டு வாங்கண்ணே" என்றாள்.